பற்றரியை மாற்று என்று சொல்லாமல் மீற்றரைக் கையில் எடுக்கிற கராச்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியில் வந்தால், தர்மபுரம் தாண்டி விசுவமடுவுக்கு முன்னால், வலக்கைப் பக்கம் ஒரு பாலை மரத்தடியில் தகரக் கொட்டில் ஒன்று இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. பழைய ரயர் ஒன்றைத் தொங்கவிட்டு அதில் வெள்ளைப் பெயின்றால் 'கராச்' என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். மோட்டார்சைக்கிளில் செல்ஃப், அதாவது பட்டனை அமத்தி ஸ்டார்ட் பண்ணுகிற வசதி, வேலை செய்யவில்லை என்று அலைகிறவர்கள் கிளிநொச்சி டவுனுக்கு ஓட முதல் இங்கே ஒருக்கால் காட்டுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் நம்பிக்கை வராது. கொட்டிலுக்குள் சீமெந்துத் தரைகூட இல்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் செல்ஃப் பிரச்சினையை இப்படி நிதானமாகத் தேடிப் பிடிக்கிற ஆளை நான் வேறு காணவில்லை.

செல்ஃப் வேலை செய்யாவிட்டால் கிக் அடிக்கலாமே என்று பலர் கேட்பார்கள். எனக்கு அது முடியாது. 2009 இல் என்னுடைய வலக்கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் காலோடு வண்டி ஓடுவதில் பிரச்சினை இல்லை, பின் பிரேக் மிதிப்பதும் பழகிவிட்டது. கிக் மட்டும் சரிவராது. முழுப் பலத்தையும் கொடுத்து உதைத்தால் செயற்கைக் காலின் குழிக்குள் தோல் உரிந்துவிடும். எஞ்சின் திருப்பி அடித்தால் நிலைமை இன்னும் மோசம். வண்டியை நிறுத்திவிட்டு வலப்பக்கம் வந்து நின்று இடக்காலால் உதைக்கலாம்தான். அப்படி உதைக்கும்போது உடம்பு முழுக்கச் செயற்கைக் காலில் நிற்கிறது. மாரியில் களிமண் நிலத்தில் அந்த வேலையைச் செய்ய எந்த வைத்தியரும் சொல்லமாட்டார்.

தொழில் பால் சேகரிப்பு. விடிய முதல் வெளிக்கிட்டு, விசுவமடுவைச் சுற்றியுள்ள குடியேற்றங்களில் வீடு வீடாகப் போய்ப் பாலை அளந்து வாங்கி, பின் சீற்றின் இரண்டு பக்கமும் கொழுவிய கான்களில் ஊற்றிக்கொண்டு குளிரூட்டும் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் திரையத் தொடங்கும். திரைந்த பாலை நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அது என்னுடைய நட்டம் மட்டும் இல்லை, இரண்டு மாட்டை வைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கிற ஆட்களின் நட்டமும்தான். ஒவ்வொரு படலையடியிலும் எஞ்சினை நிறுத்துவேன், அளந்து முடிய ஸ்டார்ட் பண்ணுவேன். 2022 இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனபோது தொடங்கிய பழக்கம் அது. விலை இறங்கியும் பழக்கம் போகவில்லை. ஆகவே என்னுடைய செல்ஃப் மோட்டர் ஒரு அலுவலகக்காரரின் வண்டியில் ஒரு மாதம் உழைக்கிறதை ஓரிரு நாளிலேயே உழைத்துவிடும்.

கோளாறு இப்படித்தான் தொடங்கியது. காலையில் முதல் ஸ்டார்ட் சரியாக வரும். நடுவில் ஏதோ ஒரு படலையடியில் பட்டனை அமத்தினால் 'கிளிக்' என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. கொஞ்சம் பொறுத்து அமத்தினால் பிடிக்கும். போகப்போகப் பொறுத்தாலும் பிடிக்கவில்லை. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். வண்டியில் கைவைக்கவும் இல்லை, வோல்ற் பார்க்கிற மீற்றர் வைக்கவும் இல்லை. "பற்றரி போட்டுது" என்றார்கள். பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்துப் புதுப் பற்றரி போட்டோம். சில கிழமை நன்றாக இருந்தது. பிறகு அதே 'கிளிக்'. திரும்பப் போனேன். இந்த முறை ஸ்டார்ட்டர் மோட்டரை, அதாவது செல்ஃப் மோட்டரை, முழுதாக மாற்ற வேண்டும், 11,500 ரூபாய் என்றார்கள். அப்போதும் யாரும் எதையும் கழற்றிப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்ததே அந்த இடத்தில்தான். காசு கேட்டதற்காகக் கோபம் இல்லை. எது பழுது என்று பார்க்காமலே விலை சொல்கிறார்களே என்பதுதான்.

பால் கொடுக்கிற அம்மா ஒருவர்தான் தர்மபுரத்துக் கொட்டிலைச் சொன்னார். அவருடைய மகனின் வண்டியை அங்கேதான் திருத்துவார்களாம்.

நான் போனபோது மெக்கானிக் ஒரு உழவு இயந்திரத்தின் டைனமோவைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட வயது குறைந்தவர். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வண்டியைத் தொட முதல் கதை கேட்கத் தொடங்கினார்.

"அண்ணை, பட்டனை அமத்தேக்க என்ன சத்தம் வருது?"

"கிளிக் எண்டு ஒண்டு. பிறகு ஒண்டுமில்லைத் தம்பி."

"ஒண்டு மட்டுமோ, இல்லாட்டி டிக் டிக் டிக் எண்டு கன சத்தமோ?"

"ஒண்டுதான்."

"அப்ப நியூட்ரல் லைட் மங்குதோ?"

அதை நான் கவனித்ததில்லை. திறப்பைப் போட்டு, பட்டனை அமத்தி, லைட்டைப் பார்க்கச் சொன்னார். கிளிக் வந்தது, லைட் கொஞ்சமும் மங்கவில்லை. "அப்ப பற்றரியில்லை" என்றார். மீற்றர் எடுக்க முதலே சொன்னார்.

இந்த இடத்தை நான் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இது எந்தச் சாமானும் இல்லாமல் வீட்டு முற்றத்தில் நீங்களே பார்க்கக்கூடியது. ஸ்டார்ட்டர் மோட்டர் ஒரு மோட்டார்சைக்கிளில் இருக்கிற மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதலாக மின்னோட்டத்தை இழுக்கிற சாமான். அது உண்மையாகவே இழுத்தால் பற்றரியின் வோல்ற் கொஞ்சமாவது இறங்கியே ஆக வேண்டும், லைட்டும் மங்கியே ஆக வேண்டும். லைட் நன்றாக மங்கி, மோட்டர் முனகி நின்றால் பற்றரி இறங்கியிருக்கலாம், அல்லது மோட்டர் இறுகியிருக்கலாம். டிக் டிக் என்று விடாமல் அடித்தால், ரிலே (பட்டனை அமத்தியதும் பற்றரியையும் மோட்டரையும் இணைக்கிற சுவிச்) மூடுகிறது, மூடியதும் வோல்ற் விழுகிறது, விழுந்ததும் ரிலே திறக்கிறது, திறந்ததும் வோல்ற் ஏறித் திரும்ப மூடுகிறது. அதுதான் அந்தச் சத்தம். அநேகமாகப் பற்றரி இறங்கியிருக்கும், அல்லது பற்றரி முனை தளர்ந்திருக்கும். கிளிக் ஒன்று கேட்டு, லைட் அசையாமல் நின்றால், ரிலேக்குக் கட்டளை வருகிறது, ஆனால் மோட்டருக்குள் மின் ஓடவில்லை. வழியில் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது. சத்தமே இல்லை என்றால் பிரச்சினை ரிலேக்கு முன்னால்: பியூஸ், கில் சுவிச், கிளச் சுவிச், ஸ்டார்ட் பட்டன், அந்தப் பக்கம். மோட்டர் விர்ரென்று சுற்றி எஞ்சின் சுற்றாவிட்டால் உள்ளேயிருக்கிற ஒருவழிக் கிளச் வழுக்குகிறது, அது வேறு வேலை, பெரிய வேலை.

இவ்வளவையும் அவர் எனக்கு வண்டியைச் சுற்றி நடந்தபடியே சொன்னார். ஒளித்து வைக்கவில்லை. தொழிலை இப்படித் திறந்து சொல்கிற ஆட்கள் குறைவு.

பிறகு மீற்றர். பற்றரியில் வைத்தார்: 12.7. பட்டனை அமத்தச் சொன்னார்: 12.6. "பாருங்கோ, ஒண்டும் இழுக்கேல்லை." நல்ல பற்றரி என்றால் சும்மா நிற்கும்போது 12.6 க்குப் பக்கத்தில் நிற்கும். செல்ஃப் அடிக்கும்போது பத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் பற்றரியைச் சந்தேகிக்கலாம். என்னுடையதோ இறங்கியது என்றே சொல்ல முடியாது. அடுத்ததாக மோட்டருக்குப் போகிற தடித்த வயரின் றப்பர் உறையை விலக்கி அந்த முனையில் ஒரு ஊசியையும் பற்றரி மைனஸில் மற்ற ஊசியையும் வைத்தார். அமத்தினால் 12.5 வந்தது. ஆகவே ரிலேயும் வயரும் தங்கள் வேலையைச் செய்கின்றன, மின் மோட்டரின் வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது. மோட்டரின் உடம்புக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில் வைத்துப் பார்த்தார், பூச்சியம். எர்த்தும் சரி. மிச்சம் இருந்தது மோட்டரின் உள்ளே மட்டும்தான்.

கடைசியாக ஒன்று செய்தார். நான் பட்டனை அமத்திக்கொண்டிருக்க, ஸ்குரூ டிரைவரின் பிடியால் மோட்டரின் உடம்பில் லேசாக இரண்டு தட்டுத் தட்டினார். எஞ்சின் உடனே பிடித்தது.

"காபன் தேஞ்சிட்டுது. தட்டினாத் தொடுது, விட்டா விடுது. தட்டித் தட்டி ஓடலாம் எண்டு நினையாதேங்கோ, நாளைக்கு ரோட்டில நிப்பீங்கள்."

இந்தத் தட்டுகிற வித்தையைப் பலர் ஒரு வைத்தியமாகவே வைத்திருக்கிறார்கள். அது வைத்தியம் இல்லை, நோய் எங்கே என்று காட்டுகிற அடையாளம் மட்டும்தான் என்று அவர் அழுத்திச் சொன்னார்.

மைனஸ் வயரை முதலில் கழற்றினார். பிறகு மோட்டரின் போல்ட்டுகளைக் கழற்றி மோட்டரை இழுத்து எடுத்தார். ஒரு பழைய பெட்சீற்றை விரித்து, அதன்மேல் வைத்துத்தான் திறந்தார். சின்னச் சாமான்கள் மண்ணில் விழுந்து போகாமல் இருக்கத்தான் அந்தத் துணி. மூடியைத் திறந்ததும் கரித்தூள் கொட்டியது. கரித்தூளோடு சேர்ந்து எங்களுடைய கிரவல் ரோட்டுச் சிவப்பு மண்ணும் நைசாகப் படிந்து, இரண்டும் குழைந்து, பிரஷ் ஓடுகிற குழிக்குள் பசைபோல் இறுகியிருந்தது. பிரஷ் என்பது மின்னை வெளியிலிருந்து சுற்றுகிற பாகத்துக்குக் கடத்துகிற காபன் கட்டி. பின்னால் ஒரு சுருள் கம்பி அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும், காபன் தேயத்தேயக் கம்பி தள்ளி, செம்பு உருளையோடு தொட வைக்கும். என்னுடையதில் காபன் பாதிக்கும் கீழே தேய்ந்து, கம்பி தள்ளக்கூடிய தூரம் முடிந்திருந்தது. புதுக் காபனைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். புதியது ஒரு சென்றிமீற்றருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பழையது பள்ளிக்கூடப் பிள்ளை உரஞ்சி உரஞ்சி முடித்த அழிறப்பர் துண்டுபோல இருந்தது.

புதுப் பற்றரி போட்டபோது சில கிழமை ஏன் சரியாக ஓடியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. தேய்ந்த காபன் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்த காலத்தில், முழுச் சார்ஜில் இருந்த புதுப் பற்றரி அந்த அரைகுறைத் தொடுகைக்குள்ளாலும் மின்னைத் தள்ளிவிட்டது. காபன் இன்னும் தேய்ந்ததும் அந்த வழியும் அடைபட்டது. பற்றரி மாற்றியதும் வண்டி பிடிக்கிறது என்பதற்காகப் பழைய பற்றரிதான் பழுது என்று முடிவெடுக்க முடியாது என்று அவர் சொன்னது எனக்கு மறக்காது.

காபன் போடுவதற்கு முன்னால் அவர் செய்த வேலைதான் இந்தக் கொட்டிலுக்கு என்னை ஆயுள் வாடிக்கையாளர் ஆக்கியது. செம்பு உருளையை நைசான சாண்ட் பேப்பரால் சுற்றிச் சுற்றித் துடைத்துக் கறுப்பை எடுத்தார். அந்த உருளை ஒரே துண்டு இல்லை, மெல்லிய செம்புப் பட்டைகள் வரிசையாக நிற்கும், இடையில் கீறல் கீறலாக இடைவெளி. அந்த இடைவெளிகளுக்குள் கரித்தூள் நிரம்பினால் பட்டைகள் ஒன்றோடொன்று தொட்டுவிடும். ஒரு ஹக்சோ பிளேட்டின் முறிந்த துண்டைத் தீட்டி வைத்திருக்கிறார். அதால் ஒவ்வொரு இடைவெளியையும் நுனிவரை கீறிச் சுத்தம் செய்தார். அவசரம் இல்லை. பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. பிறகு மீற்றரை வைத்துப் பட்டைக்கும் நடுத் தண்டுக்கும் தொடர்பு இல்லை என்றும், பட்டைக்கும் பட்டைக்கும் தொடர்பு இருக்கிறது என்றும் பார்த்தார். தண்டோடு தொடர்பு காட்டியிருந்தால் மோட்டர் எரிந்த கேஸ், அப்போதுதான் முழு மோட்டரும் மாற்ற வேண்டும் என்றார். டவுனில் 11,500 சொன்ன கடை இந்த ஒரு பரிசோதனையையாவது செய்திருக்கலாம்.

புதுக் காபன் குழிக்குள் தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மூடியின் ஓ-ரிங் தட்டையாகிப் போயிருந்தது. அதையும் மாற்றினார். தண்ணீர் உள்ளே போனது அதுக்குள்ளால்தான். பால் சிந்தினால் மணக்கும் என்று நான் வண்டியைத் தினமும் குழாய் பிடித்துக் கழுவுவேன். கழுவுங்கோ, ஆனால் மோட்டருக்கு நேரே தண்ணீரைப் பாய்ச்ச வேண்டாம் என்றார். தடித்த வயரின் நுனியில் பச்சை பூத்திருந்தது. அந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புது முனை போட்டு நசித்து, கொஞ்சம் கிறீஸ் பூசி, றப்பர் உறையை மேலே இழுத்துவிட்டார்.

பூட்டி முடிந்து பட்டனை அமத்தினேன். கை எடுக்க முதல் எஞ்சின் பிடித்துவிட்டது. எனக்கு நிம்மதி என்றால் சொல்ல முடியாத நிம்மதி. அவர் அதோடு விடவில்லை. எஞ்சின் ஓட ஓட மீற்றரைப் பற்றரியில் வைத்து, கொஞ்சம் அக்சிலேற்றர் கொடுக்கச் சொன்னார். 14.1. பதின்மூன்றரைக்கும் பதினாலரைக்கும் இடையில் நின்றால் சார்ஜ் சரி, அதுக்குக் கீழே என்றால் பற்றரி பட்டினி, மேலே என்றால் ரெகுலேற்றர் பழுது, பற்றரி வெந்துபோகும் என்றார்.

கணக்கு: காபன் செற் 900, ஓ-ரிங் 100, வயர் முனை 150, கூலி 1,500. மொத்தம் 2,650 ரூபாய். பழைய காபனைக் கடதாசியில் சுற்றிக் கையில் தந்தார். மாற்றிய சாமானை எல்லாருக்கும் அப்படித்தான் திருப்பிக் கொடுக்கிறாராம். இந்தப் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

காத்திருந்த நேரத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு ரீச்சர் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார், பள்ளிக்கூடம் முடிந்து வருகிற நேரம். பட்டனை அமத்தினால் ஒரு சத்தமும் இல்லை. ரிலே மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். இவர் எழும்பிப் போய், "ரீச்சர், பிரேக்கைப் பிடியுங்கோ" என்றார். பிடித்தார். பின்னால் போய் நின்று பிரேக் லைட்டைப் பார்த்தார். எரியவில்லை. மற்றக் கைப் பிரேக்கைப் பிடிக்கச் சொன்னார், லைட் எரிந்தது, செல்ஃபும் பிடித்தது. ஸ்கூட்டியில் பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும், பிரேக் லைட்டை எரிக்கிற சுவிச்தான் செல்ஃபுக்கும் அனுமதி கொடுக்கிறது. ரீச்சர் எப்போதும் ஒரே பக்கப் பிரேக்கைப் பிடித்துத்தான் ஸ்டார்ட் பண்ணுவார், அந்தப் பக்கச் சுவிச்சுக்குள் புழுதி இறுகிவிட்டது. சோளகம் அடிக்கிற காலத்தில் எங்களுடைய ரோட்டுப் புழுதி எங்கேதான் போகாது. கழற்றி, பெற்றோல் தொட்ட பிரஷால் துடைத்து, திரும்பப் பூட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ரிலே ஒன்றை எடுத்துப் பூட்டி இரண்டாயிரம் எடுத்திருந்தாலும் ரீச்சருக்குத் தெரிந்திருக்காது.

அவரிடம் இந்தத் தொழில் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். தாய்மாமனிடம் என்றார். மாமன் போர் நேரம் வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்து மெக்கானிக். அந்தக் காலத்தை இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை என்று நினைப்பார்கள். வன்னிக்குள் பெற்றோல் வராது, பற்றரி வராது, உதிரிப் பாகமும் வராது. எம்டி 90 மோட்டார்சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோலைக் காட்டி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பின்னால் வருகிறவருக்குக் கண் எரியும். புதுச் சாமான் வாங்க வழியில்லாத இடத்தில் தொழில் பழகிய ஒருவர், பழையதைத் திறந்து பார்க்காமல் எறியச் சொல்லமாட்டார். அந்தக் கை மருமகனுக்கும் வந்திருக்கிறது.

அது இன்றைக்கும் தேவைப்படுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் பழைய வண்டியின் விலையே புது வண்டியின் விலைக்கு மேலே போனது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் எங்களைப் போன்றவர்கள் புதியதை நினைக்க முடியாது. கையில் இருக்கிற வண்டியைத்தான் இன்னும் பல வருஷம் ஓட வேண்டும்.

என்னுடைய ஓட்டத்துக்கு அவர் சொன்ன யோசனைகளையும் எழுதிவிடுகிறேன், பால், மீன், பாண் என்று வீடு வீடாக நின்று போகிறவர்களுக்கு உதவும். பட்டனை ஐந்து செக்கனுக்கு மேல் அமத்திப் பிடிக்கக் கூடாது. பிடிக்காவிட்டால் கையை எடுத்து, பத்துப் பதினைந்து செக்கன் பொறுத்து அடுத்த தரம் அமத்த வேண்டும். மோட்டர் சூடேறினால் உள்ளே வயரின் பூச்சு எரியும். பக்கத்துப் பக்கத்துப் படலை என்றால் எஞ்சினை நிறுத்தாமல் விடுவது நல்லது. ஒவ்வொரு ஸ்டார்ட்டும் பற்றரியிலிருந்து எடுக்கிறது, அடுத்த வீட்டுக்கு ஓடுகிற அந்தக் கொஞ்சத் தூரத்தில் எடுத்தது திரும்பி வராது. ஓட்டம் முடிந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருகிற நீள ஓட்டம்தான் என்னுடைய பற்றரியைக் காப்பாற்றுகிறது என்றார். மாரி தொடங்க முதல், ஐப்பசிக்கு முன்னால், மோட்டரை ஒருக்கால் திறந்து துடைத்துக்கொண்டால் மழைக்குள் நிற்க வராது. நான் கடந்த மாரிக்கு முன்னால் அப்படியே செய்வித்தேன். கூலி மட்டும்தான் எடுத்தார். மழை முழுக்க வண்டி ஒரு நாளும் மறுக்கவில்லை.

குறைகளும் இருக்கின்றன. வேலை மெதுவாகத்தான் நடக்கும். முன்னால் இரண்டு வண்டி நின்றால் உங்களுடைய அரை நாள் போய்விடும், அவசரப்படுத்தினால் "அப்ப வேற இடம் பாருங்கோ அண்ணை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். இருப்பதற்கு ஒரு வாங்கு மட்டும்தான், அதிலும் பாதியில் சாமான் கிடக்கும். செயற்கைக் கால் மாட்டியிருக்கிற என்னைப்போன்றவர்கள் கனநேரம் நிற்க ஏலாது. ஒரு கதிரை போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இன்னும் போடவில்லை. போன் அடித்தால் எடுக்கமாட்டார், கையெல்லாம் எண்ணெய். பில் எழுதித் தருவதில்லை, அலுவலகத்தில் காசு எடுக்கிறவர்களுக்கு அது சரிவராது. ஒருவழிக் கிளச் வேலையை அவர் ஏற்பதில்லை, அதுக்கு மக்னற்றைக் கழற்ற வேண்டும், அதை இழுத்துக் கழற்றுகிற சரியான புல்லர் எல்லா வண்டிக்கும் தன்னிடம் இல்லை, சுத்தியலால் அடித்துக் கழற்றினால் சாமான் உடையும் என்று வெளிப்படையாகச் சொல்லி வேறு இடத்துக்கு அனுப்புகிறார். புது இன்ஜெக்ஷன் வண்டிகளின் எலெக்ட்ரோனிக் கோளாறுகளையும் தொடுவதில்லை. தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்வதை நான் குறையாக எடுக்கவில்லை, ஆனால் தூரத்திலிருந்து வருகிறவர்கள் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

காபனின் தரம் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பனிச் சாமான் கேட்டால் கிளிநொச்சியிலிருந்து எடுப்பித்துத் தருவார், ஒரு நாள் பொறுக்க வேண்டும். அவரிடம் இருப்பில் இருப்பது சாதாரண சாமான். எனக்குச் சாதாரணத்தைத்தான் போட்டார், அதை முன்கூட்டியே சொல்லி, விலை வித்தியாசத்தையும் சொல்லித்தான் போட்டார். என்னுடைய ஓட்டத்துக்கு எது போட்டாலும் தேயத்தான் போகிறது, ஆகவே நான் மலிவைத் தெரிவுசெய்தேன். ஒரு நாளைக்கு இரண்டு தரம் மட்டும் ஸ்டார்ட் பண்ணுகிறவர்கள் கம்பனிச் சாமானையே கேட்டுப் போடுங்கள், திரும்பத் திறக்கிற வேலை மிச்சம்.

போகிறவர்கள் காலை வெயிலுக்கு முன்னால் போங்கள், அப்போதுதான் வரிசை குறைவு. காலபோக அறுவடை நேரம், தை மாசி, அவர் வயலில் நிற்பார், கொட்டில் பின்னேரம்தான் திறக்கும். காசு கையில் கொண்டுபோங்கள், காட் எல்லாம் அங்கே இல்லை. பாலை மரம் தெரியாவிட்டால் தர்மபுரத்தில் இறங்கி யாரிடமாவது "ரயர் தொங்குற கராச்" என்று கேளுங்கள், காட்டுவார்கள். போக முதல் வீட்டிலேயே ஒருக்கால் திறப்பைப் போட்டு, பட்டனை அமத்தி, என்ன சத்தம், லைட் மங்குதா இல்லையா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.